சித்திரைக் கனி மேசைக்குப் பூ அலங்காரம்: முதல்முறை வைப்பவர்களுக்கு

கொங்குப் பக்கமும் குமரி, தென்காசிப் பக்கமும் சித்திரை ஒன்றாம் தேதி விடியலில் கனி காண்பது வழக்கம். முந்தின இரவே தாம்பாளத்தில் பழங்கள், வெற்றிலை பாக்கு, நகை, காசு, கண்ணாடி, பூ எல்லாம் எடுத்து வைத்துவிட வேண்டும். காலையில் கண்ணைத் திறந்ததும் அதில்தான் விழிக்க வேண்டும். மதியம் அதே வீட்டில் தலைவாழை இலை போட்டுப் பண்டிகைச் சாப்பாடு. தனிக்குடித்தனம் வந்து முதல் வருஷம் இதை நானே செய்ய வேண்டி வந்தபோது, என்னென்ன வைக்க வேண்டும் என்று சொல்ல நிறையப் பேர் இருந்தார்கள். சித்திரை வெயிலில் பூவை இரவு பத்து மணியிலிருந்து மறுநாள் மதியம் இரண்டு மணி வரை எப்படி வாடாமல் வைப்பது என்று சொல்லத்தான் ஆளில்லை. திணறித் திணறிக் கற்றுக்கொண்டதை இங்கே வரிசையாக எழுதியிருக்கிறேன். கோவையை வைத்து எழுதுகிறேன். உங்கள் ஊருக்குச் சந்தையும் விலையும் மாறும், பூவின் குணம் மாறாது.

1. மேசையை அளந்துவிட்டு ஆரம்பியுங்கள்

பூஜையறை சின்னதாக இருக்கும் அடுக்குமாடி வீடுகளில் சாப்பாட்டு மேசையில்தான் கனி வைக்க முடியும். தாராளமாக வைக்கலாம். ஆனால் அதே மேசையில்தான் மதியம் இலை விழப்போகிறது என்பதை முதலிலேயே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தடிக்கு மூன்றடி மேசை என்றால், இருபக்கமும் இலைக்கு ஒரு அடிக்குக் கொஞ்சம் கூடுதலாகப் போய்விடும். நடுவில் மிஞ்சுவது பத்து அங்குலம். அதில் தண்ணீர் டம்ளரும் வைக்க வேண்டும். ஆக, பூவுக்கு உங்களிடம் இருப்பது ஆறு அங்குல அகலமுள்ள ஒரு பட்டை, அவ்வளவுதான். பூ மிதக்கவிடும் பெரிய வட்ட உருளியை நடுவில் வைக்கத் திட்டமிட்டால் மதியம் அதைத் தூக்க வேண்டியிருக்கும். தண்ணீர் நிரம்பிய உருளியைத் தூக்குவது லேசான வேலை இல்லை.

உயரம் ஒரு அடியைத் தாண்டக் கூடாது. எதிரில் உட்கார்ந்து சாப்பிடுபவரின் முகம் தெரிய வேண்டும்.

2. பத்து நாள் முன்னால்: பாத்திரம், பஞ்சாங்கம், கொன்றை மரம்

பித்தளைத் தாம்பாளம், குத்துவிளக்கு, கண்ணாடி, பூ மிதக்கவிட அகலமான பாத்திரம் ஒன்று. இவற்றை இறக்கிப் புளி போட்டுத் துலக்கி வைத்துவிடுங்கள். உருளி இல்லையென்றால் புதிதாக வாங்க ஓடாதீர்கள். வெண்கல உருளி எடை போட்டு விற்பது, ஆயிரக்கணக்கில் ஆகும். விளிம்புள்ள எந்தத் தாம்பாளமும் போதும். மண் சட்டி அழகாகத்தான் இருக்கும், ஆனால் தண்ணீர் கசிந்து மேசையில் வட்டமாகக் கறை விழும். அடியில் ஒரு எவர்சில்வர் தட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

புது வருஷப் பஞ்சாங்கத்தைக் கனித் தட்டில் வைப்பதும், அன்று அதைப் பெரியவர்கள் வாசிப்பதும் பல வீடுகளில் வழக்கம். பங்குனிக் கடைசிக்குள் வாங்கிவிடுங்கள். கடைசி நேரத்தில் போனால் உங்கள் வீட்டில் பார்க்கிற பஞ்சாங்கம் தீர்ந்துபோயிருக்கும். வாக்கியமா, திருக்கணிதமா என்று பெரியவர்களிடம் கேட்டுக்கொண்டு வாங்குங்கள்.

அடுத்தது கொன்றை. கனிக்குக் கொன்றைப் பூதான் கண். பங்குனி, சித்திரையில் சரம் சரமாகத் தொங்கும். தெரிந்தவர் வீட்டில் மரம் இருந்தால் இப்போதே கேட்டு வைத்துவிடுங்கள். தெருவோர மரத்தில் கிளையை ஒடிக்காதீர்கள். ஒரு சரத்துக்காக ஒரு கொப்பையே முறிக்கிறார்கள், பார்க்க மனசு பொறுக்கவில்லை. மரம் கிடைக்காதவர்களுக்குக் கவலை வேண்டாம். விஷுவும் அதே சமயம் வருவதால் கோவையில் மேட்டுப்பாளையம் சாலைப் பூ மார்க்கெட்டில் பண்டிகைக்கு முதல் நாள் கொன்றை சின்னச் சின்னக் கட்டாக வந்து இறங்கும். சென்னையில் மலையாளிகள் அதிகம் வாங்கும் கடைகளில் விசாரியுங்கள்.

3. எந்தப் பூ, எவ்வளவு

நாலைந்து பேர் சாப்பிடும் மேசைக்கு நான் வாங்குவது இவ்வளவுதான்:

- மஞ்சள் செவ்வந்தி அரைக் கிலோ
- செண்டுமல்லி அரைக் கிலோ
- வாடாமல்லியும் கோழிக்கொண்டையும் சேர்த்துக் கால் கிலோ
- சம்பங்கி கால் கிலோ
- மல்லி மொட்டு நூறு கிராம், கட்டின சரம் இரண்டு முழம்
- பன்னீர் ரோஜா நூறு கிராம்
- மரிக்கொழுந்து இரண்டு கட்டு
- கொன்றை நாலைந்து சரம்
- மாவிலை, பூவோடு வேப்பங்கொத்து

செவ்வந்தியும் செண்டுமல்லியும் தண்ணீரே இல்லாமல் இரண்டு நாளுக்கு மேல் தாக்குப்பிடிக்கும். வாடாமல்லி பெயருக்கேற்றபடி இருக்கும். அலங்காரத்தின் முக்கால் பங்கு இவைதான். மல்லி, ரோஜா, கொன்றை மூன்றும் விருந்தாளிகள். கொஞ்ச நேரம்தான் இருக்கும், அவற்றின் நேரம் பார்த்து நாம்தான் நடந்துகொள்ள வேண்டும். புதிதாகச் செய்பவர்கள் பலரும் மல்லியை அதிகமாகவும் செவ்வந்தியைக் குறைவாகவும் வாங்கிவிடுகிறார்கள். விடியும்போது மேசையில் பழுப்புப் பூதான் மிஞ்சுகிறது.

4. அரளி வேண்டாம்

இதைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். அரளிச் செடியின் இலை, பூ, தண்டு, பால் எல்லாமே விஷம், இதயத் துடிப்பைக் குலைக்கக்கூடியது. 2024 மே மாதம் கேரளத்தின் திருவிதாங்கூர், மலபார் தேவஸ்வம் போர்டுகள் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூ சேர்ப்பதையே நிறுத்திவிட்டன. நம் ஊரில் பூஜைக்கென்று பாக்கெட் போட்டு விற்கும் உதிரிப்பூவில் அரளி சாதாரணமாகக் கலந்திருக்கும். கதம்பத்திலும் இருக்கும். சாமி படத்துக்குப் போடுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இலை போட்டுச் சாப்பிடும் மேசைக்கும், குழந்தை கை நீட்டும் தட்டுக்கும் அது வேண்டவே வேண்டாம். கடையில் “அரளி இல்லாம குடுங்க” என்று வாய்விட்டுக் கேளுங்கள். வீட்டுக்கு வந்ததும் ஒரு தாளில் கொட்டிப் பிரித்துப் பாருங்கள்.

எருக்கும் செங்காந்தளும் அப்படித்தான், மேசைக்கு ஆகாது. கொன்றையின் காயும் விதையும் பேதியாக்கும், சரத்தில் பழைய காய் ஒட்டியிருந்தால் எடுத்துவிடுங்கள். சந்தைப் பூ எதுவாக இருந்தாலும் மருந்து அடித்ததுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். குடிக்கிற தண்ணீரிலோ பாயசத்திலோ இதழைத் தூவ வேண்டாம். ரசத்துக்கும் பச்சடிக்கும் வேண்டிய வேப்பம்பூவை, நம்பிக்கையான மரத்திலிருந்தோ மளிகைக் கடையில் காய்ந்ததாகவோ தனியாக வாங்குங்கள். அலங்காரக் கொத்திலிருந்து உதிர்த்துப் போடாதீர்கள்.

5. எப்போது வாங்குவது, எவ்வளவு ஆகும்

வருடப் பிறப்பு பெரும்பாலும் ஏப்ரல் 14. அதை வைத்தே சொல்கிறேன்.

12ஆம் தேதி காலை: செவ்வந்தி, செண்டுமல்லி, வாடாமல்லி, கோழிக்கொண்டை. பண்டிகை விலை ஏறுவதற்கு முன்னால் வாங்கிவிட்டால் கணிசமாக மிச்சமாகும். பிளாஸ்டிக் பையிலிருந்து உடனே எடுத்து, மூங்கில் கூடையிலோ நாளிதழ் மேலோ பரப்பி, வீட்டிலேயே குளிர்ச்சியான தரையில் வையுங்கள். பையிலேயே விட்டால் அடியில் இருப்பது புழுங்கி, கையில் எடுக்கும்போதே இதழ் கொட்டும்.

13ஆம் தேதி, காலை பதினொரு மணிக்குள்: மல்லி மொட்டு. விடிகாலையில் பறிக்கிற மொட்டு அன்று மாலை விரிந்துவிடும். நமக்கு அது மறுநாள் காலை விரிய வேண்டும். ஆகவே கல்லு மாதிரி இறுகின மொட்டாகப் பார்த்து வாங்கி, ஈரம் இருந்தால் துணியில் ஒற்றி எடுத்து, வாழையிலையில் பொட்டலம் கட்டி, மூடியுள்ள டப்பாவில் வைத்து ஃபிரிட்ஜின் காய்கறித் தட்டில் வையுங்கள். தண்ணீர் தெளிக்கவே கூடாது. சொட்டுப் பட்ட இடமெல்லாம் பழுப்புப் புள்ளி விழும்.

13ஆம் தேதி மாலை: சம்பங்கி, மரிக்கொழுந்து, ரோஜா, மாவிலை. கடைசியாகக் கொன்றை. ரோஜாவையும் மல்லியைப் போலவே டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள்.

செலவு: எங்கள் வீட்டில் பூவுக்கு மட்டும் எழுநூறு, எண்ணூறு ரூபாய் ஆகிறது. அதில் பாதி மல்லிக்கே போய்விடும். சித்திரை மல்லி சீசன்தான், ஆனால் பண்டிகை முதல் நாளும் முகூர்த்த நாளும் சேர்ந்து வந்தால் விலை எங்கே போய் நிற்கும் என்று சொல்லவே முடியாது. கைமீறினால் மல்லியை ஒரு முழமாகக் குறைத்து, அந்த இடத்தில் வெள்ளைச் செவ்வந்தி வையுங்கள். பார்வைக்கு ஒரு குறையும் இருக்காது. வாசனைக்கு மரிக்கொழுந்து இருக்கிறது.

கடையில் கவனிக்க வேண்டியவை: எடை போடுவதற்கு முன் பூவை உதறச் சொல்லுங்கள், தண்ணீர் தெளித்து எடை கூட்டுவது உண்டு. குவியலின் மேலே இருப்பதைப் பார்த்து முடிவு செய்யாமல் அடியில் கைவிட்டு ஒரு பிடி எடுத்துப் பாருங்கள், நேற்றைய பூ அங்கேதான் இருக்கும். செவ்வந்தியின் காம்புப் பக்கத்தைத் திருப்பினால் பச்சையாக இருக்க வேண்டும். கட்டின சரத்தில் முடிச்சுக்கு முடிச்சு நார் தெரிந்தால் அது முழத்துக்கு நஷ்டம். முன்பணம் கொடுத்துச் சொல்லி வைப்பதாக இருந்தால் பூவின் பெயர், அளவு, எடுக்கும் நேரம், கொடுத்த பணம் நான்கையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பண்டிகைக் கூட்டத்தில் வாய்ச்சொல் நிற்பதில்லை. ஒரு கடையில் கொன்றைக்குப் பணம் கட்டிவிட்டு வெறும் கையோடு திரும்பிய அனுபவத்தில் சொல்கிறேன்.

6. வாழைத்துண்டில் பூ குத்துவது

அந்த ஆறு அங்குலப் பட்டைக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. பூ அலங்காரக் கடைகளில் பச்சை நிறத்தில் ஸ்பாஞ்ச் கட்டி விற்கிறார்கள். அது மக்காத பிளாஸ்டிக். நமக்கு வாழை மரம் இருக்கிறது.

இலைக்கட்டு விற்பவரிடமோ வாழை மரம் விற்பவரிடமோ, நாலு அங்குலக் கனத்தில் ஒன்றரை அடி நீளத்துக்கு மரத்தின் ஒரு துண்டு கேளுங்கள். முப்பது, நாற்பது ரூபாய்க்குக் கொடுப்பார்கள், தெரிந்தவர் சும்மாவே தருவார். நெடுக்காக இரண்டாகப் பிளந்து, தட்டையான பக்கம் கீழே வருமாறு வையுங்கள். பிளந்ததும் உள்ளே தேன்கூடு போலச் சின்னச் சின்ன அறைகள் தெரியும். அறைக்குள் காற்றுதான், ஆனால் சுற்றியுள்ள மட்டை முழுக்க ஈரம். அதனால்தான் இதில் குத்திய பூ சொட்டுத் தண்ணீர் ஊற்றாமலே மறுநாள் வரை நிமிர்ந்து நிற்கிறது.

காம்பு குட்டையான செவ்வந்தி, செண்டுமல்லிக்கு ஈர்க்குச்சி வேண்டும். புது விளக்குமாற்றிலிருந்து உருவி, மூன்று அங்குலத் துண்டுகளாக நறுக்கி, ஒரு முனையைச் சரிவாகச் சீவுங்கள். பூவின் அடிப்பக்கத்தில் காம்போடு ஒட்டி நடுவாகக் குத்தி, இதழ் வெளியே தெரிவதற்கு முன் நிறுத்திவிட்டு, மறுமுனையை வாழைத்துண்டில் இறக்குங்கள். மட்டை முரண்டினால் ஒரு கோணூசியால் முதலில் துளை போட்டுக்கொள்ளுங்கள். அடிவரிசையில் செண்டுமல்லி நெருக்கமாக, நடுவரிசையில் செவ்வந்தி, உச்சியில் இடைவெளி விட்டுக் கோழிக்கொண்டை. இடுக்குகளில் மரிக்கொழுந்தைச் சொருகினால் மட்டை வெளியே தெரியாது.

வாழைக்கறை துணியில் பட்டால் போகவே போகாது. மேசைவிரிப்பை எடுத்துவிட்டு வேலை செய்யுங்கள், பழைய உடுப்பு போட்டுக்கொள்ளுங்கள். துண்டின் இரு முனையும் வெட்டுப்பக்கமும் நீர் கசியும், அதனால் வாழையிலை விரித்த நீளத் தட்டின் மேல்தான் வைக்க வேண்டும். இந்த வேலைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். 13ஆம் தேதி மாலை நாலு மணிக்கு உட்கார்ந்தால் அவசரமில்லாமல் முடியும்.

7. இரவு: கனி வைப்பது

பழமும் பூவும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதுதான் கனியின் அழகு. ஆனால் பழுத்த மாம்பழமும் வாழைப்பழமும் எத்திலீன் என்ற வாயுவை வெளியிடும். பழத்தைப் பழுக்க வைப்பதும் அதுதான், பூவைச் சீக்கிரம் உதிர வைப்பதும் அதுதான். அதனால் ஃபிரிட்ஜில் மல்லி டப்பாவைப் பழத்தோடு வைக்காதீர்கள். கனித் தட்டுக்குச் செங்காயாகப் பார்த்து மாம்பழம் வாங்குங்கள், மணத்தைவிட நிறமும் உருவமும்தான் அங்கே முக்கியம். பலாவை அறுக்காமல் சின்னக் காயாக வைத்தால் எறும்பும் ஈயும் வராது. சுளைதான் இருக்கிறதென்றால் காலையில் எடுத்து வையுங்கள்.

தாம்பாளத்தில் அரிசி பரப்பி, நடுவில் வெள்ளரிக்காய், மாம்பழம், வாழைச்சீப்பு. ஒரு பக்கம் வெற்றிலை பாக்கு, மஞ்சள், காசு, நகை, பஞ்சாங்கம். பின்னால் கண்ணாடி. கண்ணாடி சரியாமல் இருக்க அதன் பின்னால் அரிசி நிரப்பிய செம்பு ஒன்றை முட்டுக் கொடுங்கள். கண்ணாடியைக் கொஞ்சம் முன்னோக்கிச் சாய்த்தால் தட்டில் இருக்கும் பூவும் பழமும் இரட்டிப்பாகத் தெரியும். அதனால்தான் குறைந்த பூவை வைத்தே நிறைவாகக் காட்ட முடிகிறது.

கொன்றையை எடுத்துவரும்போதே குலுக்கக் கூடாது. நுனியில் மொட்டு அதிகமுள்ள சரமாகப் பாருங்கள். முழுக்க மலர்ந்த சரம் இரவிலேயே கொட்டிவிடும். காம்பைச் சரிவாக நறுக்கி, வாய் குறுகிய செம்பில் தண்ணீர் ஊற்றி அதில் நிறுத்தி, சரம் தட்டின் மேல் வளைந்து தொங்குமாறு வையுங்கள். எறும்பு இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். எப்படிப் பார்த்துப் பார்த்து வைத்தாலும் இதழ் கொஞ்சம் உதிரத்தான் செய்யும். அரிசி மேல் மஞ்சளாக விழுந்துகிடப்பது அழகுதான், பொறுக்க வேண்டாம்.

மின்விசிறியை அணைத்துவிடுங்கள். இரவு முழுதும் காற்று பட்டால் தண்ணீரில் நிற்கும் பூகூடச் சோர்ந்துவிடும். விளக்கை இரவில் ஏற்றி விடாதீர்கள். திரியும் எண்ணெயும் போட்டுத் தயாராக மட்டும் வையுங்கள்.

8. விடியற்காலை நாலு மணி

கனி வைத்தவர்தான் முதலில் எழுந்திருப்பார். மற்றவர்களை எழுப்புவதற்கு முன் இருபது நிமிடம் வேலை இருக்கிறது.

உருளியை மேசையில் அதன் இடத்தில் வைத்த பிறகே தண்ணீர் ஊற்றுங்கள், இரண்டு அங்குல ஆழம் போதும். காம்பை அரை அங்குலத்துக்கு நறுக்கிய செவ்வந்தியை ஓரமாக ஒரு சுற்று, உள்ளே செண்டுமல்லி, நடுவில் ரோஜா இதழ். நெருக்கமாக விட்டால்தான் சுற்று கலையாது. இடைவெளி விட்டால் எல்லாம் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். தண்ணீர் மேல் எண்ணெய்ப் படலம் மிதந்தால் ஒரு நாளிதழ்த் துண்டை மேலே படரவிட்டு எடுத்தால் போய்விடும்.

ஃபிரிட்ஜிலிருந்து மல்லியை எடுத்து அரிசியின் மேல் சின்னச் சின்னக் குவியலாக வையுங்கள். அறைச் சூட்டில் அரைமணி நேரத்தில் மணம் கிளம்பும். சரத்தை விளக்கின் கழுத்தில் சுற்றாமல் பீடத்தில் சுற்றுங்கள். சுடருக்கும் பூவுக்கும் இடையில் ஒரு அடி இருக்கட்டும். கொன்றையும் நெடுநேரம் நின்ற மரிக்கொழுந்தும் காய்ந்த நுனியில் சட்டெனப் பற்றும். விளக்கேற்றிவிட்டு, வீட்டில் ஒவ்வொருவராகக் கண்ணை மூடி அழைத்து வாருங்கள்.

9. பதினொரு மணி: சாப்பாட்டுக்கு மாற்றுவது

கனித் தட்டைப் பூஜையறைக்கோ பக்கத்து ஸ்டூலுக்கோ மாற்றிவிடுங்கள். உருளித் தண்ணீரை ஒரு சொம்பால் பாதி மொண்டுவிட்டு அப்புறம் நகர்த்துங்கள். மேசையில் வாழைத்துண்டு அலங்காரம் மட்டும் இருக்கட்டும். சோர்ந்த பூ இரண்டு மூன்று இருந்தால் ஈர்க்கோடு உருவிவிட்டு, மிச்சம் வைத்த செவ்வந்தியைக் குத்துங்கள். இதற்காகவே பத்துப் பூ ஒதுக்கி வையுங்கள்.

சம்பங்கியைச் சாப்பாட்டு மேசையிலிருந்து கண்டிப்பாக எடுத்துவிட வேண்டும். அதன் மணத்துக்கு முன்னால் வேப்பம்பூ ரசமும் மாங்காய்ப் பச்சடியும் மணக்காது. வாசலுக்கோ கூடத்துக்கோ மாற்றினால் வருகிறவர்களை வரவேற்கும். மல்லியும் அப்படியே. இலை போடும் இடத்தில் மணமில்லாத பூதான் மரியாதை.

மின்விசிறியை இப்போது போட்டுத்தான் ஆக வேண்டும். வாழைத்துண்டில் குத்திய பூ அசையாது. உதிரி இதழ் எதையும் மேசையில் தூவி வைத்திருந்தால் எல்லாம் சாம்பாரில் வந்து விழும்.

10. மறுநாள்

வாடாமல்லியையும் கோழிக்கொண்டையையும் ஈர்க்கிலிருந்து கழற்றி நிழலில் காயவைத்தால் நிறம் மாறாமல் மாதக்கணக்கில் இருக்கும். மற்ற பூக்களைத் தொட்டி மண்ணில் புதைக்கலாம், ஆறு குளத்தில் கொண்டுபோய்க் கொட்ட வேண்டாம். பூவோடு சுற்றியிருக்கும் நூலையும் ஜரிகையையும் முதலில் பிரித்தெடுங்கள். வாழைத்துண்டைச் சின்னதாக நறுக்கிச் செடியின் அடியில் போட்டால் சித்திரை வெயிலுக்கு மண் ஈரம் காயாமல் இருக்கும். ஈர்க்குகளைக் குத்தும் முனையோடு அப்படியே விடாமல் எண்ணிப் பொறுக்கி எடுத்துவிடுங்கள், வெறுங்காலோடு நடக்கிற வீடு. உருளியை அன்றே கவிழ்த்துத் துடைத்து வையுங்கள், பூத்தண்ணீர் ஓரிரவு நின்றாலும் பித்தளையில் பச்சை பூத்துவிடும்.